வேனில் எதை ஏற்றலாம், எதை இறக்கலாம்?

சகோதரிகளே, வேளாங்கண்ணிக்கோ குற்றாலத்துக்கோ போக வேண்டுமென்றால் எங்கள் பெரியதாழையில் நாலைந்து குடும்பம் சேர்ந்து வாடகைக்கு வேன் பிடிப்பதுதான் வழக்கம். இப்போது சில வீடுகளில் சொந்தமாகவே வேன் வாங்கி, அதிலேயே படுத்து எழுந்து ஊர் சுற்றி வருகிறார்கள். கேரள அரசு 2021-இல் சுற்றுலாவுக்கென்று கேரவன் திட்டம் கொண்டு வந்த பிறகு, சினிமாக்காரர்களுக்கு மட்டும்தான் கேரவன் என்கிற எண்ணமும் மாறிவிட்டது. எங்கள் வீட்டிலும் இவரும் என் கொழுந்தனாரும் சேர்ந்து பழைய வேன் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். மாமி, நாங்கள் நால்வர், கொழுந்தனார் குடும்பத்தில் மூவர், ஆக எட்டுப் பேர்.

வண்டி வந்த அன்றே ஆளுக்கொரு பட்டியல் போட்டாகிவிட்டது. பிள்ளைகளுக்கு டி.வி., கொழுந்தனாருக்கு குளிர்ப்பெட்டி, மாமிக்கு கேஸ் அடுப்பு! எல்லாவற்றையும் ஏற்றினால் நாங்கள் ஏற இடம் இருக்காது. நான் சொன்னது ஒன்றுதான்: "ராத்திரி தங்கலுக்கு வள்ளத்தில் போகிறவர்கள் என்ன கொண்டு போகிறார்கள், பாருங்கள். குடிக்கத் தண்ணீர், கட்டிய சோறு, டார்ச், கயிறு. வீட்டையா தூக்கிக்கொண்டு போகிறார்கள்?" வண்டிக்கும் அதே கணக்குத்தான். தூக்கம், தண்ணீர், நெருப்பு, ஒதுங்குமிடம் ஆகிய இந்த நான்குக்கும் வழி செய்துவிட்டால் பயணம் நன்றாக இருக்கும். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெட்டியே கட்டில்

வேனுக்குள் கட்டில், அலமாரி என்று வெல்டிங் வைத்துப் பொருத்த ஆசைப்படுவோம். அவசரப்பட வேண்டாம். வண்டியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்ற 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. சீட்டைக் கழற்றினாலும் கூட்டினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யில் பதிந்த பிறகே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு விபத்து என்று வரும்போது இன்ஷூரன்ஸில் சிக்கல் வரும்.

கழற்றி மாட்டும் சாமான்தான் நமக்கு ஏற்றது. 1951-இல் ஜெர்மனியில் வெஸ்ட்பாலியா என்ற கம்பெனி வோக்ஸ்வாகன் வேனுக்கு முதன்முதலில் செய்து விற்றதும் அப்படிப்பட்ட ஒரு பெட்டித் தொகுப்புத்தான். லீவு நாளில் உள்ளே வைத்தால் படுக்கும் வண்டி, வேலை நாளில் எடுத்துவிட்டால் சாமான் வண்டி!

எங்கள் ஊர்த் தச்சரிடம் சொல்லி, சீட்டின் உயரத்துக்குச் சரியாக மூன்று மரப்பெட்டிகள் செய்தோம். பகலில் அவற்றுக்குள் துணிமணி, பாத்திரம், போர்வை. ராத்திரி எதிரெதிர் சீட்டுகளுக்கு நடுவே தள்ளி, மேலே மெத்தை விரித்தால் கட்டில். மூன்று பெண்களும் மூன்று பிள்ளைகளும் உள்ளே நெருக்கிப் படுக்கலாம். ஆண்கள் வெளியே தார்ப்பாய் கட்டிப் படுத்துக்கொள்வார்கள். மெத்தையை மூன்று துண்டாகத் தைத்துக்கொள்ளுங்கள். மடிக்கவும் காயப்போடவும் சுலபம். மேலுறைக்குப் பழைய காட்டன் சேலையே போதும்.

பெட்டிகளைச் சீட்டின் காலோடு இறுகக் கட்டாமல் வண்டியை எடுக்கவே கூடாது. பிரேக் போட்டால் கட்டாத சாமான் அப்படியே முன்னால் பாயும். கனமானதைத் தாழ்வாகவும் நடுவிலும் வைப்பது வள்ளத்தில் எப்படியோ அப்படியே. கூரையில் பாரம் ஏற்றினால் வளைவில் வண்டி ஆடும். மேலே தொங்கவிட வேண்டியது லேசான துணிகள் மட்டும். அதற்கு வீட்டில் கிடந்த பழைய வலைத் துண்டு ஒன்றை ஊஞ்சல் மாதிரிக் கட்டியிருக்கிறோம். கையை விட்டால் துண்டும் குல்லாவும் வரும்!

தண்ணீர்க் கணக்கு

குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று வைத்தால் எட்டுப் பேருக்கு 24 லிட்டர். ஆகவே 20 லிட்டர் கேன் இரண்டு. ஒன்று குடிக்க, அதில் கொஞ்சம் குறையும். மற்றொன்றில் அடையாளத்துக்கு சிவப்பு ரிப்பன் கட்டி, கை கால் கழுவவும் குடிதண்ணீர் குறைந்தால் எடுக்கவும். இரண்டிலும் நல்ல தண்ணீரே பிடியுங்கள். கேனைக் கவிழ்க்காமல் பிடிக்க, அடியில் குழாய் வைத்த கேனாக வாங்கினால் பிள்ளைகளே பிடித்துக்கொள்வார்கள்.

குளிர்ப்பெட்டிக்குப் பதில் புதிய தெர்மோகோல் பெட்டி ஒன்று. மீன் வைத்த பெட்டி வேண்டாம், எத்தனை கழுவினாலும் வாடை போகாது. கடைசல் ஐஸையும் அதில் போட வேண்டாம், அது மீனுக்கானது, குடிக்க ஆகாது. வீட்டு பிரிட்ஜில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறைய வைத்து அடுக்குங்கள். குழந்தையின் பாலும் தயிரும் கெடாமல் இருக்கும். உருகிய பிறகு அதுவே குடிக்கிற தண்ணீர்.

அடுப்பு ஏற வேண்டாம்

இதில்தான் மாமிக்கும் எனக்கும் இரண்டு நாள் பேச்சு நடந்தது. "ஏளா, ஒரு சின்ன சிலிண்டரு, ஒத்த அடுப்பு. பச்சப்புள்ளைக்கு சுடுதண்ணி வைக்க வேண்டாமா? நாங்க அந்தக் காலத்துல வண்டி கட்டிப் போகும்போதே மூணு கல்லு வச்சுப் பொங்கித்தான் சாப்பிட்டோம்" என்றார்கள்.

"மாமி, நீங்க பொங்குனது வெட்டவெளியில. இது நாலு பக்கமும் மூடுன பெட்டி" என்றேன்.

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கி நிற்கும். வீட்டில் கதவைத் திறந்தால் வெளியேறும். வேனின் தரையில் அது போக வழியில்லை. கம்பெனியே கட்டித் தருகிற கேரவன்களில் சிலிண்டருக்குத் தனி அறையும், கசிந்தது கீழே இறங்கிப் போகத் திறப்பும் வைப்பார்கள். நம் வேனில் அது கிடையாது. சீட்டுக்கடியில் சிலிண்டர், மேலே பஞ்சு மெத்தை, பக்கத்தில் பிள்ளைகள் என்று நினைத்துப் பாருங்கள்.

2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி விடிகாலையில் மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். லக்னோவிலிருந்து சுற்றுலா வந்தவர்கள் தனிப்பெட்டியில் இருந்தார்கள். விதியை மீறிக் கொண்டு வந்த சிலிண்டரில் டீ போடப் போய்த் தீப்பிடித்தது. பெட்டி நின்றுகொண்டுதான் இருந்தது. அப்படியிருந்தும் ஒன்பது உயிர் போனது. ஒரு வாய் டீக்காக!

இதைச் சொன்ன பிறகு மாமி பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நல்ல பிளாஸ்க்கு ரெண்டு வாங்கு" என்றார்கள். அவ்வளவுதான் விஷயம். பெரிய பிளாஸ்க் இரண்டில் கொதிக்கும் வெந்நீர். முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குலுக்கிக் கொட்டிவிட்டு, பிறகு நிரப்பினால் சூடு அதிக நேரம் நிற்கும். வழியில் ஏதாவது டீக்கடையில் பணம் கொடுத்து மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்.

கரண்ட் அடுப்பு வைக்கலாமே என்று இவர் கேட்டார். 1,500 வாட் அடுப்புக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியர் இழுக்க வேண்டும். வண்டியின் பேட்டரி அதைத் தாங்காது. காலையில் வண்டி கிளம்பாமல் நிற்பதுதான் மிச்சம்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறேன். அடுப்பு ஏறினால் கூடவே அரிசி, பருப்பு, அஞ்சறைப்பெட்டி, அம்மிக்குப் பதில் மிக்ஸி எல்லாம் ஏறும். கடைசியில் எல்லோரும் கடலையும் அருவியையும் பார்ப்பார்கள். நாம் மட்டும் வண்டிக்குப் பின்னால் குத்துக்கால் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்போம். இரண்டு நாள் அடுப்பு முகத்தில் விழிக்காமல் இருப்பதும் நமக்கு ஓய்வுதானே!

ஜன்னலை மூடாதீர்கள்

ராத்திரி புழுக்கமாக இருக்கிறது என்று இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குவது ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரைப் பக்கம் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் புகை உள்ளே ஏறியதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள்.

ஆகவே படுக்கும்போது இன்ஜின் நிற்க வேண்டும். இரண்டு பக்க ஜன்னலும் நான்கு விரல் அளவாவது திறந்திருக்க வேண்டும். ஜன்னல் அளவுக்குக் கொசுவலைத் துணியைத் தைத்து, ஓரத்தில் ஒட்டும் டேப் வைத்துவிட்டால் கொசுவும் வராது. உள்ளே கொசுவர்த்திச் சுருள் கொளுத்தக் கூடாது. சார்ஜ் ஏற்றிய சின்ன மின்விசிறி இரண்டு இருந்தால் போதும். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், சட்டென்று கை போகிற இடத்தில், 2 கிலோ தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். அதை எப்படித் திறப்பது என்று வீட்டிலுள்ள பெண்களும் கற்றுக்கொள்ளுங்கள்.

வெளியே சொல்லாத கஷ்டம்

பயணம் என்றதும் நம் பெண்கள் முதலில் செய்வது தண்ணீர் குடிப்பதை நிறுத்துவதுதான். "வழியில எங்க போறது?" என்ற பயம். என் ஓர்ப்படியாள் ஒரு தடவை வேளாங்கண்ணி போய் வருகிற வரைக்கும் நாலு மடக்குத் தண்ணீரில் சமாளித்தாள். வீட்டுக்கு வந்த மறுநாள் நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல். ஒரு வாரம் மருந்து சாப்பிட்ட பிறகே எழுந்தாள். தண்ணீர் குடிக்காமல், வருவதையும் அடக்கி வைத்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமி பெருக இடம் கொடுத்த மாதிரி. கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் கெடுதல், கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிடும்.

ஆகவே எங்கள் வண்டியில் ஒரு சட்டம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டி நிற்கும். யாரும் கேட்க வேண்டியதில்லை, கடிகாரம் பார்த்து நிற்கும். "யாருக்காவது போகணுமா?" என்று ஆண்கள் கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் நிறுத்தினால் எல்லோரும் இறங்குவார்கள்! பெட்ரோல் பங்குகளில் கழிவறையும் குடிதண்ணீரும் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய்க் கம்பெனிகளே வைத்திருக்கும் விதி. தயங்காமல் போய்க் கேளுங்கள்.

ராத்திரிக்கும் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் வண்டியிலேயே ஒரு ஏற்பாடு வேண்டும். இறுக மூடும் மூடியுள்ள பக்கெட் ஒன்று, அடியில் தச்சுப்பட்டறை மரத்தூள் இரண்டு கை. மேலே வைத்து உட்கார, நடுவில் துளையுள்ள பிளாஸ்டிக் நாற்காலி மருந்து சாமான் கடைகளில் கிடைக்கிறது. பின் கதவைத் திறந்து, அதன் மேலிருந்து கனமான பழைய சேலையைச் சுற்றித் தொங்கவிட்டால் மறைவு. ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கை மரத்தூள் தூவினால் வாடை வராது. காலையில் கழிவறையில்தான் கொட்ட வேண்டும், கடற்கரையிலோ ஓடையிலோ வேண்டாம். நாப்கின், பழைய பேப்பர், சோப்பு, மூடியுள்ள குப்பை டப்பா இவற்றை ஒரு பையில் போட்டுக் கதவோரம் மாட்டிவிடுங்கள். மாத நாட்களில் பயணமா என்று பெண் பிள்ளைகள் மலைப்பதும் இதனால் குறையும்.

கைச் சாப்பாடு

முதல் நேரத்துக்குப் புளியோதரை, நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி. அடுத்த நேரத்துக்கு நல்ல மெஸ். இடையில் கொறிக்க அவல், கடலை, கருப்பட்டி. முதலூர் மஸ்கோத்து அல்வா தேங்காய்ப்பால் சேர்த்துக் கிண்டுவது, இரண்டு நாள் பயணத்துக்குத் தாராளமாக வரும். தூத்துக்குடி மக்ரூனைத் தகர டின்னில் வையுங்கள், பையில் வைத்தால் பொடியாகிவிடும். மற்ற பண்டங்களுக்குப் பனையோலைப் பெட்டி மிகவும் நல்லது. உள்ளே வியர்க்காது, கீழே விழுந்தாலும் உடையாது. கருவாடு மட்டும் எக்காரணம் கொண்டும் ஏறக் கூடாது!

ஒரு நாள் சாப்பாடும் தண்ணீரும் எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் ஜில்லாக்காரர்கள் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் சாப்பாட்டுக்குத் தவித்தார்கள். அவர்கள் கிளம்பும்போது வானத்தைப் பார்த்து அதை எதிர்பார்த்திருப்பார்களா?

மருந்துப் பெட்டி

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் முதலில். மாமியின் பிரஷர் மாத்திரை இரண்டு நாள் அதிகமாகவே இருக்கட்டும். பஞ்சு, கட்டுத் துணி, காயத்துக்கு மருந்து, தெர்மாமீட்டர், டாக்டர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட். பாக்கெட் தீர்ந்துவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலக்குங்கள். உப்பு மட்டும் கூடிவிடக் கூடாது. பேதியோ வாந்தியோ ஆனால் குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கண் உள்வாங்கி, குழந்தை சோர்ந்து துவண்டால் பயணத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்து உட்காருவது வேண்டாம். அது பின்னால்தான், பெல்ட்டோடு.

முதல் ராத்திரி பக்கத்திலேயே

புது வண்டியில் எடுத்தவுடன் வேளாங்கண்ணிக்குக் கிளம்ப வேண்டாம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருவிழா வரை அங்கே கூட்டத்தில் வண்டியை நிறுத்தவே இடம் தேட வேண்டும். நாங்கள் முதலில் போனது மணப்பாட்டுக்கு. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்கு அல்ல, கூட்டமில்லாத ஒரு சனிக்கிழமை. ஏதாவது விட்டுப்போனாலும் வீடு பக்கத்தில்தான். சாயங்காலம் மணல் மேட்டுக் கோயிலிலிருந்து கடலைப் பார்த்துவிட்டு, கீழே கேட்டு அனுமதி வாங்கிய இடத்தில் படுத்தோம். அந்த ஒரே ராத்திரியில் வாசலுக்கு மிதியடி வேண்டும், செருப்புக்குத் தனிப் பெட்டி வேண்டும், சின்னவன் எழுந்தால் தேட ஒரு மங்கல் லைட் வேண்டும் என்று மூன்று விஷயம் தெரிந்தது. டி.வி.யை யாரும் கேட்கவில்லை. அடுத்தது உவரி, அதற்கடுத்தது சாரல் காலத்தில் குற்றாலம், பிறகுதான் நீண்ட பயணம் என்று வைத்திருக்கிறோம்.

வண்டியை நிறுத்துவது வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாக, யாரிடமாவது கேட்டு நிறுத்திய இடமாக இருக்க வேண்டும். கடல் மணலில் சக்கரம் புதையும். ஓடைக் கரையும் அருவிக் கரையும் ராத்திரிக்கு ஆகாது. 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் போனான். மலைமேல் பெய்கிற மழை கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. அதேபோல ராத்திரி 2 மணியிலிருந்து 5 மணி வரை வண்டி ஓடக் கூடாது. அந்த நேரத்தில் எப்படிப்பட்ட டிரைவருக்கும் கண் சொக்கும். படுக்கை வசதியோடு வண்டி வைத்திருப்பதே அதற்குத்தானே!

எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். உப்புக் காற்றும் மணலும் தகரத்தைத் தின்றுவிடும். பெட்டிகளை இறக்கி, மெத்தையை வெயிலில் காயவைத்து, கேனைக் கவிழ்த்து வையுங்கள். எதையெல்லாம் எடுத்துப் போய்த் தொடாமலே திரும்பக் கொண்டு வந்தீர்களோ, அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அவை வீட்டிலேயே இருக்கட்டும். பயணத்துக்குப் பயணம் வண்டி லேசாகும். நமக்கும் கால் நீட்டி உட்கார்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க இடம் கிடைக்கும்.